கதிர்வீச்சு பட்ட முட்டைக்குள் எது கெடுகிறது?

வன்னியில் அடை வைத்த முட்டை பொரிக்காமல் போனால் காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. முன்பு இடியைச் சொன்னார்கள். அதற்காகவே அடைக்கூடைக்குள் கரித்துண்டும் இரும்பு ஆணியும் போட்டு வைத்தார்கள். இப்போது இடியின் இடத்தில் தொலைபேசி ரவர் வந்து நிற்கிறது. ரவர் வந்தபிறகு பொரிப்பு குறைந்துவிட்டது, பொரித்த குஞ்சும் மலடாகிறது, பேடு சேவல்போலக் கூவுகிறது என்று மல்லாவியிலும் கேட்கலாம், ஒட்டுசுட்டானிலும் கேட்கலாம். எக்ஸ்ரே, புல்மோட்டைக் கனிய மணல், செர்னோபில், கைத்தொலைபேசி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, அதற்குக் ‘கதிர்வீச்சு’ என்று பெயர் எழுதிவிட்டால் விளங்கிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். முட்டைக்குள் வளரும் குஞ்சைக் கதிர்வீச்சினால் மலடாக்க முடியும். அது வதந்தியல்ல, ஆய்வுகூடங்களில் பல தடவை செய்து காட்டியது. ஆனால் எந்த வகைக் கதிர், எவ்வளவு, அடையின் எத்தனையாம் நாள் என்ற மூன்றையும் பார்த்தால், ஊரில் பேசப்படுவதற்கும் அதற்கும் இடையே பெரிய தூரம் இருப்பது தெரியும்.

எல்லாக் கதிரும் ஒன்றல்ல

கதிர்வீச்சு என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பாயும் சக்தி. வெயிலும் அதுதான், இன்குபேற்றருக்குள் எரியும் குமிழின் வெளிச்சமும் அதுதான். உயிருக்கு ஆபத்தைத் தீர்மானிப்பது அந்தச் சக்தி எத்தனை பெரிய பொட்டலங்களாக வருகிறது என்பது.

எக்ஸ் கதிர், கமாக் கதிர், கதிரியக்கப் பொருட்களிலிருந்து வரும் துகள்கள் ஆகியவற்றில் ஒவ்வொரு பொட்டலமும் ஓர் அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கி எறியும் அளவுக்குப் பெரியது. இப்படிப் பிடுங்குவதற்கு அயனாக்கம் என்று பெயர். இலத்திரன் போன இடத்தில் இரசாயனப் பிணைப்பு முறியலாம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இந்த வகையைப் பற்றியதே.

900 மெகாஹேட்ஸில் இயங்கும் தொலைபேசி அலையின் ஒரு பொட்டலத்தில், அயனாக்கத்துக்குத் தேவையான சக்தியின் இருபது இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. பொட்டலங்கள் எத்தனை கோடி வந்தாலும் ஒன்றுகூடி ஒரு பிணைப்பை முறிக்க மாட்டா. அவற்றால் ஒரு பொருளைச் சூடாக்க முடியும்; நுண்ணலை (மைக்ரோவேவ்) அடுப்பு செய்வது அதைத்தான். கோபுரத்திலிருந்து சில பத்து மீற்றர் தள்ளியிருக்கும் கோழிக்கூட்டுக்கு வந்து சேரும் சக்தி மிகச் சிறியது. அந்தக் கூட்டின் தகரக் கூரையில் விழும் பங்குனி வெயில் அதைவிடப் பன்மடங்கு.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது புறஊதாக் கதிர். அது பொதுவாக அயனாக்குவதில்லை என்றாலும் டி.என்.ஏ. அதை நேரடியாக உறிஞ்சிக்கொண்டு உருக்குலையும். டி.என்.ஏ. என்பது கலம் ஒவ்வொன்றும் எப்படி இயங்க வேண்டும் என்பதை எழுதிவைத்திருக்கும் நீண்ட இரட்டை இழை. புறஊதாக் கதிரால் ஆழம் போக முடியாது. முட்டைக்கோதே பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால்தான் பொரிப்பகங்களில் கோதின் வெளிப்புறக் கிருமிகளைக் கொல்ல அதைப் பயன்படுத்த முடிகிறது.

எவ்வளவு என்பதே பாதி விடை

உடல் உறிஞ்சிய அயனாக்கும் கதிரை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோ எடையில் ஒரு யூல் சக்தி இறங்கினால் 1 கிரே. மனிதருக்கு ஏற்படக்கூடிய தீங்கைச் சேர்த்துக் கணக்கிடும்போது சீவேட் என்ற அலகு வரும். எக்ஸ் கதிருக்கும் கமாக் கதிருக்கும் இரண்டையும் ஏறத்தாழ ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

மண், பாறை, காற்று, வானம் ஆகியவற்றிலிருந்து எல்லா உயிருக்கும் இயல்பாகவே கொஞ்சம் கதிர் படுகிறது. மனிதருக்கு அதன் உலக சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவேட். அதே கணக்கில் அடையின் 21 நாளுக்கும் சேர்த்து 0.14 வரும். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிசீவேட். வன்னிக்குத் தெற்கே, கொக்கிளாய்க்கு அப்பால் உள்ள புல்மோட்டை மணலில் இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கோன் ஆகியவற்றோடு சிறிதளவு மொனசைற்றும் உண்டு. மொனசைற்றில் தோரியம் இருப்பதால் அத்தகைய மணல் உள்ள கரைகளில் இயல்புக் கதிர் கூடும். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையில் சில இடங்களில் வருடத்துக்குப் பல பத்து மில்லிசீவேட் வரை போகிறது.

கோழி முளையத்தின், அதாவது முட்டைக்குள் குஞ்சாகிக் கொண்டிருக்கும் உயிரின், இனப்பெருக்கக் கலங்களைக் குறைக்க ஆய்வுகூடங்களில் இட்டவுடன் எடுத்த முட்டைக்குக் கொடுக்கப்பட்ட கமாக் கதிர் 5 முதல் 7 கிரே வரை. 5 கிரே என்றால் 5,000 மில்லிகிரே. அடைக்காலம் முழுதும் இயல்பாகப் படுவதைப்போல 35,000 மடங்கு. அவ்வளவும் ஒரே தடவையில்.

இதுவரை பார்த்ததன் சாரம்: ரவர் அலை அயனாக்காது. அயனாக்கும் கதிர் எங்கும் இருக்கிறது, ஆனால் மிகச் சிறிய அளவில். இனி வருவன பல கிரே அளவில் நடப்பவை.

வயல் வேறு, விதைநெல் வேறு

பறவையின் விதையும் (விந்து உண்டாகும் சுரப்பி) சூலகமும் எப்படி உருவாகின்றன என்பதில்தான் பெரும்பாலான குழப்பம் இருக்கிறது. சேவலின் முதுகுப்புறத்தில் அவரைப் பருப்புப்போல இருக்கும் இரண்டு விதைகளும், பேட்டின் இடப்பக்கத்தில் குலையாகத் தொங்கும் சூலகமும் ஒரே கலக்கூட்டத்திலிருந்து வளர்ந்தவை என்று நினைத்தால் கதிர்வீச்சு செய்வது எதுவும் விளங்காது.

காலபோகத்துக்கு ஒரு வயல் தயாராவதை எண்ணிப் பாருங்கள். உழுவதும் வரம்பு கட்டுவதும் வாய்க்காலிலிருந்து தண்ணீர் விடுவதும் அந்த வயலிலேயே நடக்கின்ற வேலை. விதைநெல் வேறெங்கோ இருந்து சாக்கில் வருகிறது. வயலைப் பண்படுத்தியது விதைநெல் அல்ல. விதைநெல்லை உண்டாக்கியது இந்த வயலும் அல்ல. வந்த நெல் அவித்த நெல்லாக இருந்தாலும் வரம்பு வரம்பாகவே இருக்கும், தண்ணீரும் நிற்கும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு விதைத்த வயல்போலவே தெரியும். முளைதான் வராது.

முளையத்திலும் அப்படித்தான். அதன் தற்காலிகச் சிறுநீரகங்களின் உட்பக்க ஓரமாக, மூன்றரை நாள் அளவில் இரண்டு சிறு மேடுகள் எழும்புகின்றன. அவையே வயல். ஓமோன் சுரக்கும் கலங்கள், தாங்கும் கலங்கள், உறை எல்லாம் இங்கேயே பிறந்தவை. விந்தாகவும் சூலாகவும் மாறப்போகும் கலங்கள் மட்டும் வெளியிலிருந்து வருகின்றன. அவற்றுக்கு மூலவுயிர்க் கலங்கள் என்று பெயர். அடுத்த தலைமுறைக்குப் போகும் டி.என்.ஏ. முழுதும் இவற்றிடம்தான் இருக்கிறது.

இந்தப் பிரிவினை பாலூட்டிகளுக்கும் பொதுவானது. பறவையில் அது இன்னும் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் அந்தக் கலங்கள் எடுக்கும் பாதை.

சாக்கு வந்துசேரும் வழி

கோழி இட்ட முட்டை வெறும் முட்டையல்ல. கருக்கட்டியிருந்தால் அதில் ஏற்கெனவே பல பத்தாயிரம் கலங்கள் மஞ்சட்கருவின் மேல் ஒரு வட்டத் தட்டாகப் பரந்திருக்கும். அத்தனைக்குள் மூலவுயிர்க் கலங்கள் ஏறத்தாழ 30 மட்டுமே.

அடை வைத்த முதல் நாளில் இவை முளையத்தின் தலைக்கு முன்புறம், உடலுக்கு வெளியே, பிறை வடிவான ஒரு பகுதியில் போய்ச் சேருகின்றன. அங்கே எண்ணிக்கை 200ஐத் தாண்டும். இரண்டாம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்கி, மஞ்சட்கருவின் மேல் இரத்தக் குழாய்கள் ஓடியதும் மூலவுயிர்க் கலங்கள் இரத்தத்தில் ஏறிவிடுகின்றன. இரண்டாம் நாள் முடிவில் குருதிச் சுற்றோட்டத்தில் அவற்றை நிறையக் காணலாம். மூன்றாம் நாளில் அந்த மேடுகள் எழும்பப்போகும் இடத்தின் அருகே குழாயை விட்டு இறங்கி உள்ளே நுழைகின்றன. இவை இரத்தத்தில் பயணம் செய்வதை சுவிஃப்ற் என்ற அமெரிக்கர் 1914இலேயே விவரித்தார். எலியிலும் மனிதரிலும் இதே கலங்கள் இழையங்களுக்கு ஊடாக ஊர்ந்து போகின்றன. பறவையில் அவை ஆற்றில் இறங்கி வருகின்றன என்றே சொல்லலாம்.

இறங்கியவை இருபக்கமும் சமமாகப் பங்குபோடுவதில்லை. சேவலானாலும் பேடானாலும் இடப்பக்க மேட்டுக்கே அதிகம் போகின்றன. பேட்டில் இடச்சூலகமும் இடக் குழாயும் மட்டும் முழுதாக வளரும். வலப்பக்கம் ஒடுங்கிச் சிறு தழும்பாக மிஞ்சும். கோழி வெட்டும்போது ஒரு பக்கத்தில் மட்டுமே முட்டைக்குலையைக் காண்பது இதனால்தான்.

ஆறாம் நாள் வரை இந்தச் சுரப்பியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஆறு, ஆறரை நாளில் பிரிவு தொடங்குகிறது. அதைத் தீர்மானிப்பவை நிறமூர்த்தங்கள், அதாவது டி.என்.ஏ. சுருண்டு கட்டப்பட்ட பொதிகள். பறவையில் இரண்டு இசட் உள்ளது ஆண். ஓர் இசட், ஒரு டபிள்யூ உள்ளது பெண். இசட்டில் உள்ள டி.எம்.ஆர்.ரி.1 என்ற பரம்பரையலகு இரண்டு பிரதியாக இருந்தால் சுரப்பி விதையாகும். ஒன்றே இருந்தால் ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோன் சுரக்கத் தொடங்கிச் சூலகமாகும். கவனிக்க வேண்டியது: இந்த முடிவை எடுப்பவை வயலின் கலங்கள். வந்து இறங்கிய மூலவுயிர்க் கலங்களுக்கு அதில் வேலையில்லை.

பிறகு பெருக்கம். பேட்டின் இடச்சூலகத்தில் ஒன்பதாம் நாளில் ஏறத்தாழ 28,000 ஆக இருக்கும் மூலவுயிர்க் கலங்கள், பதினேழாம் நாளில் 680,000 ஆகின்றன. பதினைந்து, பதினாறாம் நாளில் அவை ஒடுக்கற்பிரிவில், அதாவது நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்கும் விசேட பிரிவில், இறங்குகின்றன. பொரிக்கும் நாளில் 480,000 அளவில் மிஞ்சும். கதிர் எதுவும் படாமலே இரண்டு இலட்சம் இறந்துபோகிறது. அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. பேடு வாழ்நாளில் இடப்போவது அவற்றில் சில நூறு. சேவலில் பெருக்கம் மெதுவானது. அடையின் பிற்பகுதியில் அவை பிரிவதை நிறுத்தி ஓய்ந்திருந்து, பொரித்து வளர்ந்தபின் மறுபடி தொடங்கும். ஒடுக்கற்பிரிவும் அப்போதுதான்.

சுருக்கமாக: 30 கலங்கள், பிறையில் தங்கல், இரத்தத்தில் பயணம், மூன்றாம் நாளில் இறக்கம், ஆறாம் நாளில் ஆண் பெண் பிரிவு, பிறகு பெருக்கம்.

கதிர் பட்ட கலத்துக்குள்

கதிர் கலத்தைச் சுட்டுச் சாம்பலாக்குவதில்லை. 5 கிரே ஒரு முட்டைக்குள் இறக்கும் வெப்பம் ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான், வெப்பமானியில் தெரியாது. சேதம் நடப்பது டி.என்.ஏ.யில். சில சமயம் கதிரே இழையில் பட்டு அறுக்கும். பெரும்பாலும் அது பக்கத்தில் உள்ள தண்ணீரை உடைத்து, அதில் பிறந்த வீரியமான துணுக்குகள் இழையைத் தாக்கும்.

பாலூட்டிக் கலமொன்றில் 1 கிரே ஏறத்தாழ 1,000 ஒற்றை இழை முறிவுகளையும் 35 அளவில் இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்கும். கோழியின் டி.என்.ஏ. அதன் மூன்றில் ஒரு பங்கு நீளம் என்பதால் முறிவும் அந்த அளவில் குறையும். ஒற்றை முறிவைக் கலம் எதிர் இழையைப் பார்த்துத் திருத்திவிடும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். திருத்த முடியாதபோது கலம் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும். அதற்குத் தன்னழிவு என்று பெயர். சில கலங்கள் எளிதில் அந்த முடிவுக்கு வராமல் முறிந்த துண்டுகளைத் தவறாக ஒட்டிக்கொண்டு வாழும்.

மூலவுயிர்க் கலங்கள் முதல் வகை. சேதத்தோடு அடுத்த தலைமுறைக்குப் போவதைவிடச் செத்துவிடுவது மேல் என்பதுபோல, அவற்றின் தன்னழிவு வாசல் மிகத் தாழ்வானது. வேகமாகப் பிரியும், இன்னும் தொழில் பிரியாத கலங்களே கதிரால் அதிகம் சாகும் என்ற விதியை பிரெஞ்சு மருத்துவர்கள் பெர்கோனியேயும் திரிபோந்தோவும் 1906இல் வெளியிட்டார்கள். அவர்கள் அதைக் கண்டது எலியின் விதையில். ஒரே உறுப்புக்குள் விந்தாக வேண்டிய கலங்கள் அழிந்து, பக்கத்தில் இருந்த ஓமோன் கலங்கள் தப்பியிருந்தன.

எந்த நாளில் பட்டால் எது போகும்

முதல் நாள்: மூலவுயிர்க் கலங்கள் சில பத்துதான். எல்லாவற்றையும் கொன்றால் குஞ்சு முழு மலடு. ஆனால் 30இல் மூன்று தப்பினாலும் அவை பின்னர் பெருகி இடத்தை நிரப்பிவிடும். 5 முதல் 7 கிரே கொடுத்த சோதனைகளில் நிறைய முளையங்கள் செத்தன. தப்பியவற்றில் மூலவுயிர்க் கலங்கள் குறைந்தாலும் எப்போதும் முழுதாக ஒழியவில்லை. இதுதான் இந்த வேலையின் பெரிய தலையிடி. கலத்தைக் கொல்லும் அளவுக்கும் முளையத்தையே கொல்லும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி மிக ஒடுக்கமானது. கூட்டினால் முளையம் போகும், குறைத்தால் மலடாகாது.

அதனால் இன்னொரு வழி தேடினார்கள். மூலவுயிர்க் கலங்கள் பிறையில் கூடியிருக்கும் நேரம், ஏறத்தாழ முதல் ஒன்றரை நாள், கோதில் சிறு சாளரம் வெட்டி அந்தப் பிறையில் மட்டும் புறஊதாக் கதிர் பாய்ச்சுவது. பிறை உடலுக்கு வெளியே இருப்பதால் முளையத்தின் மற்ற உறுப்புகளில் கதிர் படாது. விதைநெல் சாக்கில் இருக்கும்போதே அவித்துவிடும் வேலை. இதிலும் சாளரத்தை உரிய முறையில் மூடாவிட்டால் முட்டை உலர்ந்தோ கிருமி புகுந்தோ செத்துவிடும். அந்த இழப்பைக் கதிரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதற்காகவே சாளரம் வெட்டிக் கதிர் காட்டாமல் மூடிய முட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

மூன்று முதல் ஆறாம் நாள் வரை: கலங்கள் வந்து இறங்கிவிட்டன, கண், மூளை, இதயம், கால் எல்லாம் அதே நேரத்தில் உருவாகின்றன. இப்போது முழு முட்டைக்கும் பல கிரே கொடுத்தால் முளையம் இனப்பெருக்கச் சுரப்பிக்காகக் காத்திருக்காது. வேறு உறுப்புக் கெட்டே இறக்கும்.

ஏழாம் நாளுக்குப் பின்: பேட்டின் சூலகத்தில் கலங்கள் வெறித்தனமாகப் பிரிகின்றன, எனவே கதிருக்கு எளிதில் பலியாகும். மிஞ்சியவை தொகையைக் கொஞ்சம் ஈடுசெய்யும். ஆனால் ஒடுக்கற்பிரிவு தொடங்கியபின் பெருக்கம் முடிந்துவிடுவதால் அதற்குப் பின் இழந்தது இழந்ததுதான். சேவல் குஞ்சுக்கு ஓய்ந்திருக்கும் கலங்களில் சில தப்பினாலும் பின்னாளில் பெருக்க வாய்ப்புண்டு.

துல்பெக்கோ பார்த்தது

இத்தாலியின் தூரின் நகரில் ரெனாற்றோ துல்பெக்கோ என்ற மருத்துவர், ஆரம்ப நிலைக் கோழி முளையங்களுக்குக் கமாக் கதிர் கொடுத்து மூலவுயிர்க் கலங்களை முற்றாக அழித்தார். 1946இல் வெளியான அவருடைய முடிவு: விதைநெல் வராமலே வயல் வயலாக அமைந்தது. மூலவுயிர்க் கலம் ஒன்றுமில்லாமல் இனப்பெருக்கச் சுரப்பிகள் உருவாகின. அவர் அடுத்த வருடம் ஐக்கிய அமெரிக்காவுக்குப் போய் வைரசுகளின் பக்கம் திரும்பினார். 1975இல் நோபல் பரிசு பெற்றது புற்றுநோய் வைரசு ஆய்வுக்காக. முட்டைக்கும் நோபலுக்கும் தொடர்பில்லை என்றாலும், போர் முடிந்த கையோடு அவர் கையில் இருந்தது முட்டைகள்தான்.

இதன் விளைவை வளர்ந்த கோழியில் நினைத்துப் பாருங்கள். மூலவுயிர்க் கலமில்லாத சேவலுக்கு விதை உண்டு, ஆண் ஓமோன் உண்டு, பூ சிவக்கும், கூவும், மிதிக்கும். முட்டை மட்டும் கருக்கட்டாது. பேட்டின் கதை வேறு. நாம் மஞ்சட்கரு என்று பொரித்துத் தின்பது ஒரு சூலகக் கலம் ஊதிப் பெருத்த வடிவம். அந்தக் கலமே இல்லாதபோது மஞ்சட்கரு உருள ஆளில்லை. அவள் முட்டையே இடமாட்டாள்.

சில மீன்களில் மூலவுயிர்க் கலங்களை அழித்தால் உடல் ஆணாகவே மாறிவிடும். கோழியில் அப்படி நடப்பதில்லை. ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் வளர்ந்து மலடாக நிற்கும்.

அப்படியானால் கூவும் பேடு?

‘பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா’ என்று கேட்பவர்கள் அதைக் கூவ வைத்தது எதென்று கேட்பதில்லை; பெரும்பாலும் அன்றே கறியாகிவிடும். பேட்டின் இடச்சூலகம் கட்டியாலோ தொற்றாலோ கெட்டால் பெண் ஓமோன் வற்றும். ஒடுங்கிக் கிடந்த வலப்பக்கச் சுரப்பி அப்போது விழித்து, விதையைப் போல வளர்ந்து ஆண் ஓமோன் சுரக்கலாம். பூ பெருக்கும், குதிமுள் நீளும், கூவும். இது வளர்ந்த கோழியின் நோய். முட்டைக்குள் பட்ட கதிரின் விளைவல்ல.

முட்டைக்குள் இருக்கும்போதே பால் அடையாளத்தைக் குழப்புவதில் முன்னிற்பவை இரசாயனங்கள். ஈஸ்திரஜன் போல நடிக்கும் பொருள் ஆறாம் நாளுக்கு முன் முளையத்தை எட்டினால், ஆண் முளையத்தின் இடச்சுரப்பி பாதி சூலகமாகும். கடற்காக முட்டைகளில் டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியைச் செலுத்தி இதைக் காட்டிய ஆய்வு 1981இல் வெளியானது. மறுபக்கம், ஈஸ்திரஜன் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை உரிய நாளில் கொடுத்தால் பெண் முளையத்துக்கு விதை வளரும். கதிரால் இந்த இரண்டும் ஆகாது. அதற்கு ஓமோனின் வேடம் போடத் தெரியாது. அறுக்க மட்டுமே தெரியும். வயலுக்கு அடிக்கும் பூச்சி எண்ணெய்களைக் கோழி மேயும் இடத்தில் கழுவி ஊற்றுகிறவர்கள் ரவரைப் பார்த்து முறைப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது.

தப்பிய கலம் கொண்டுபோவது

சாகாமல் தப்பிய மூலவுயிர்க் கலத்தில் தவறாக ஒட்டிய டி.என்.ஏ. இருந்தால் அந்தப் பறவை மலடாகாது. பிழை குஞ்சுக்குப் போகும். பெரும்பாலான பெரிய பிழைகள் அடுத்த தலைமுறையின் முளையத்தை முட்டைக்குள்ளேயே கொன்றுவிடும். அது பொரிக்காத முட்டையாகவே கண்ணுக்குத் தெரியும்.

செர்னோபில் அணு உலையின் 1986 விபத்துக்குப் பின் அங்கு கூடு கட்டிய தகைவிலான் குருவிகளில் வெள்ளை இறகுத் திட்டுகளும் உருக்குலைந்த விந்துகளும் கூடியிருந்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பறவைகள் உண்மையில் வாங்கிய கதிரளவு எவ்வளவு, உணவுக் குறைவின் பங்கு எவ்வளவு என்பதில் வாதம் தொடர்கிறது. எங்கள் குளங்களுக்கு மேலே மாரியில் பறக்கும் தகைவிலானும் அதே இனந்தான்; ஆனால் அங்கே பேசப்படுவது பல வருடம் கதிரியக்க மண்ணில் வாழ்ந்து, அதிலுள்ள பூச்சியைத் தின்ற பறவை பற்றி. கதிர் வெளியிலிருந்து பட்டுப் போவது வேறு, கதிரியக்கப் பொருள் உடலுக்குள் தங்குவது வேறு. எக்ஸ்ரே காட்டிய முட்டை கதிரியக்கமாவதில்லை. தாய்க்கோழி மாசுபட்ட தீனியைத் தின்றால் ஸ்ரொன்சியம் கோதிலும் அயடீன் மஞ்சட்கருவிலும் சீசியம் பெரும்பாலும் வெண்கருவிலும் சேரும்; முளையம் 21 நாளும் அதற்குள்ளேயே இருக்கும்.

மலடாக்குவதால் யாருக்கு லாபம்?

பறவை முட்டையை உறையவைத்துப் பாதுகாக்க முடியாது. மஞ்சட்கரு அதற்கு மிகப் பெரியது. அருகிவரும் ஒரு கோழியினத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் மூலவுயிர்க் கலங்களை இரத்தத்திலிருந்து எடுத்து உறையவைத்து, வேண்டிய காலத்தில் வேறு கோழி முளையத்தின் இரத்தத்தில் ஏற்றுவார்கள். அவை தாமாகவே சுரப்பியைத் தேடிப் போய்விடும். வாங்கும் முளையத்தில் சொந்தக் கலங்கள் இருந்தால் போட்டி வரும். ஆகவே கதிராலோ, புசல்பன் என்ற மருந்தாலோ முதலில் அவற்றைக் குறைப்பார்கள். இப்போது எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனம் போன்ற இடங்களில் பரம்பரையலகு ஒன்றை நீக்கிப் பிறப்பிலேயே மலடான பேடுகளை உருவாக்கி அந்த வேலையைச் செய்கிறார்கள். கதிரைவிட அது சுத்தமான வழி. முளையத்தின் மற்ற உறுப்புகளுக்கு அடி படாது.

உங்கள் முட்டை ஏன் பொரிக்கவில்லை

பொரிக்காத முட்டையைக் குப்பையில் எறியாமல் உடைத்துப் பாருங்கள். மஞ்சட்கருவின் மேல் சிறிய, அடர்ந்த, ஒழுங்கற்ற வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் அது கருக்கட்டவே இல்லை. சேவலைப் பார்க்க வேண்டும். இரத்த வளையம் இருந்தால் இரண்டு முதல் நான்காம் நாளில் செத்தது. கறுத்த கண் தெரிந்தால் ஐந்தாம் நாளைத் தாண்டியது. இறகு முளைத்திருந்தால் இரண்டாம் வாரத்தின் கடைசி. முழுக்குஞ்சாக இறந்திருந்தால் கடைசி மூன்று நாள்.

இரத்த வளையம் கூடுதலாக வந்தால் வன்னியில் முதல் சந்தேகம் சேமிப்பு. முட்டையை 15 முதல் 18 பாகை செல்சியஸில் ஏழு நாள் வைக்கலாம். ஏறத்தாழ 21 பாகைக்கு மேல் முளையம் அரைகுறையாக வளரத் தொடங்கும். குசினியில் அரிசிப் பானைக்குள் 32 பாகையில் பத்து நாள் கிடந்த முட்டை அடைக்குப் போகுமுன்பே களைத்துவிட்டது. இன்குபேற்றரில் விசிறி இருந்தால் 37.5 பாகை. ஒரு பாகை கூடினாலே கேடு தொடங்கும்; 40ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் முளையம் போகும். சூடு குறைவதை அது கூடுதலாகத் தாங்கும், ஆகவே சில மணி நேர மின்தடை எல்லாவற்றையும் அழித்துவிடாது. பதினெட்டாம் நாள் வரை நாளுக்கு மூன்று ஐந்து என்று ஒற்றைப்படையாகப் புரட்ட வேண்டும். பிறகு புரட்டக் கூடாது. ஈரப்பதன் 50 முதல் 60 வீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். முழுக்குஞ்சாகச் செத்தவை அதிகமென்றால் இந்தக் கடைசி நாட்களின் ஈரப்பதனையும் காற்றோட்டத்தையும் பாருங்கள்.

சேவல் மலடு என்ற சந்தேகத்துக்கும் சோதனை உண்டு. பேட்டின் உடலில் முந்திய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும். அதனால் முட்டையிடும் ஐந்தாறு பேடுகளை மூன்று வாரம் எந்தச் சேவலோடும் விடாமல் வைத்திருந்து, பிறகு சந்தேகச் சேவலை விடுங்கள். ஒரு வாரம் கழித்து இட்ட முட்டைகளில் பத்தை உடைத்து அந்த வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். ஓரம் வட்டமான வளையமாகத் தெரிந்தால் கருக்கட்டியிருக்கிறது. பத்தும் வெறும் புள்ளியென்றால் சேவலை மாற்றி அதே பேடுகளோடு இன்னொரு வாரம் பாருங்கள். புதுச் சேவலில் வளையம் வந்தால் குறை பழையதில்தான்: வயது, கொழுப்பு, கால் நோவு, அல்லது சித்திரை வெயில். வெயில் என்றால் ஐப்பசி மழை விழுந்தபின் அதே சேவலை மறுபடி சோதித்த பிறகே கறிக்கு எடுங்கள்.